சீசன் பார் வேலை: கொண்டாட்டத் தீவுகளுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆகஸ்ட் பிறந்தால் ஸ்பெயினின் இபிசா, மகலூஃப், கிரீஸின் மாலியா, சைப்ரஸின் அயியா நாபா என்று எந்தக் கொண்டாட்ட ஊரை எடுத்துக்கொண்டாலும் பார் மேனேஜர்களுக்கு ஒரே கவலைதான்: இன்றிரவு எத்தனை பேர் வேலைக்கு வருவார்கள்? ஜூனில் உற்சாகமாகச் சேர்ந்தவர்களில் பலர் அதற்குள் கழன்றிருப்பார்கள். கையிருப்பு தீர்ந்தவர்கள், தங்க இடம் கிடைக்காதவர்கள், தூக்கம் கெட்டுக் காய்ச்சலில் படுத்தவர்கள், வந்தது விடுமுறைக்கு இல்லை என்று தாமதமாகப் புரிந்துகொண்டவர்கள். வருஷா வருஷம் இதே கதை.

அதனால் ஆள் எடுப்பவர் தேடுவது பிரமாதமாக காக்டெயில் கலக்குகிறவரை அல்ல. கடைசி இரவு வரை நிற்கிற ஆளை. இதை மனதில் வைத்துக்கொண்டால் எப்போது போவது, எதை முதலில் ஏற்பாடு செய்வது, மேனேஜரிடம் என்ன பேசுவது என்ற கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மத்தியதரைக் கடல் ஊர்களை வைத்தே இங்கே எழுதுகிறேன். கோடைக்கால இரவு வேலைக்கு மிக அதிகமாக ஆள் எடுக்கிற இடங்களில் அவை முக்கியமானவை.

முதலில் பாஸ்போர்ட்

டிக்கெட் விலை பார்க்கும் முன்னால் சட்டப்படி உங்களால் அங்கே வேலை செய்ய முடியுமா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏதாவது ஒரு நாட்டுக் குடியுரிமை இருந்தால் ஸ்பெயினிலோ கிரீஸிலோ சைப்ரஸிலோ தனி அனுமதி இல்லாமல் வேலை செய்யலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் அந்த உரிமை இல்லை. "என் அண்ணன் அந்தக் காலத்தில் சும்மா போய் வேலை செய்தான்" என்று யாராவது சொன்னால், அந்தக் காலம் முடிந்துவிட்டது. சுற்றுலாப் பயணியாக 180 நாளில் 90 நாள் ஷெங்கன் பகுதியில் (உள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளில்) தங்கலாம் என்பது தங்குவதற்கான கணக்கு. அதை வைத்து வேலை செய்ய முடியாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ மாணவர் விசாவில் படிப்பவர்கள், "பகுதிநேர வேலை செய்ய அனுமதி இருக்கிறதே, கோடையில் இபிசா போகலாமே" என்று நினைப்பதுண்டு. அந்த அனுமதி, விசா கொடுத்த நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும்.

ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கென்று 2014/36 என்ற எண்ணில் பருவகாலத் தொழிலாளர் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு நாடும் 12 மாதத்தில் 5 முதல் 9 மாதம் வரை தங்கி வேலை செய்ய அனுமதிக்கலாம். விண்ணப்பிக்கும்போதே சம்பளமும் வேலை நேரமும் எழுதிய காண்ட்ராக்டோ உறுதியான வேலை உத்தரவோ கையில் இருக்க வேண்டும். தங்கும் இடத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஆதாரம் வேண்டும். ஆகவே, போய் இறங்கித் தேடிக்கொள்ளலாம் என்ற வழி இவர்களுக்கு இல்லை. உண்மையைச் சொன்னால், தெருவோர பார் எதுவும் ஒரு ஆளுக்காக இவ்வளவு காகித வேலை செய்யாது. பெரிய ஹோட்டல்கள் செய்யும். குரோஷியா 2024-இல் வெளிநாட்டவருக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் வேலை அனுமதி கொடுத்தது. அதில் சுற்றுலாத் துறைக்குப் பெரிய பங்கு உண்டு. ஹோட்டல் பாரில் தொடங்குவதுதான் இவர்களுக்கு நடைமுறையில் கிடைக்கும் வாசல்.

மத்தியதரைக் கடலை விட்டால், ஆஸ்திரேலியாவின் 417, 462 விசாக்கள் போன்ற 'ஒர்க்கிங் ஹாலிடே' திட்டங்கள் இருக்கின்றன. எந்த நாட்டு பாஸ்போர்ட்டுக்கு எது என்பதும் வயது வரம்பும் மாறும். அந்த நாட்டு அரசின் குடிவரவுத் தளத்தில் மட்டும் பாருங்கள். அங்கே மது பரிமாற ஆர்எஸ்ஏ என்ற சான்றிதழும் வேண்டும். ஒரு சின்ன வகுப்புதான்.

அனுமதி இல்லாமல் வேலை செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். பிடிபடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். சம்பளம் தராவிட்டால் நீங்கள் எங்கேயும் போய்க் கேட்கத் தயங்குவீர்கள் என்பது முதலாளிக்கு முதல் நாளே தெரியும். கையில் கண்ணாடி குத்தினாலும் ஆஸ்பத்திரிச் செலவு உங்களுடையது.

எந்த ஊர், எந்த மாதம்

இபிசாவின் பெரிய கிளப்கள் ஏப்ரல் கடைசியிலிருந்து மே மாதத்துக்குள் ஒவ்வொன்றாகத் திறக்கும், அக்டோபர் முதல் பாதியில் மூடும். மாயோர்காவின் மகலூஃபும் ஏறத்தாழ அப்படித்தான். கிரீஸில் மாலியா, காவோஸ், லாகனாஸ் மூன்றும் மே மாதம் மெல்லத் தொடங்கி ஜூலை, ஆகஸ்டில் உச்சத்துக்குப் போகும். குரோஷியாவின் பாக் தீவில் உள்ள ஸ்ர்ச்சே கடற்கரைக்கு இன்னும் குறுகிய சீசன், செப்டம்பரில் அடங்கிவிடும்.

ஆள் எடுப்பது மூன்று அலையாக நடக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை பெரிய கிளப்களும் ஹோட்டல்களும் பீச் கிளப்களும் தங்கள் இணையதளத்தில் விண்ணப்பம் வாங்கும். அனுபவம் உள்ளவர்களுக்கு இதுதான் சரியான நேரம். ஏப்ரல் கடைசி, மே மாதத்தில் சின்ன பார்கள் நேரில் வருபவர்களை எடுக்கும். புதியவர்களுக்கு நல்ல வாய்ப்பு இங்கேதான். மூன்றாவது அலை ஜூலைக் கடைசியில். முன்னால் சொன்னேனே, ஆள்கள் கழன்றுபோகிற நேரம். அப்போது வேலை கிடைப்பது சுலபம், படுக்க இடம் கிடைப்பது மிகக் கடினம். வரவே கூடாத நேரம் ஜூன் நடுப்பகுதி: இடங்கள் நிரம்பியிருக்கும், யாரும் இன்னும் விலகியிருக்க மாட்டார்கள்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது மொழியைக் கணக்கில் எடுங்கள். மகலூஃபின் புன்டா பயேனா தெருவில் பெரும்பாலும் பிரிட்டிஷ் கூட்டம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தாலே ஓட்டிவிடலாம். அதே தீவில், பிளாயா தே பால்மாவில் ஜெர்மன் தெரிந்தவருக்குத்தான் மரியாதை. இபிசாவில் சான் அன்டோனியோ பகுதி புதியவர்களுக்குத் திறந்திருக்கும். பிளாயா தென் போசாவிலும் இபிசா டவுனிலும் உள்ள பெரிய இடங்கள் ஏற்கெனவே ஒன்றிரண்டு சீசன் பார்த்தவர்களைக் கேட்கும். ஸ்பானிஷ் தெரிந்தால் எங்கேயும் ஒரு படி மேலே.

இபிசாவும் மாயோர்காவும் சேர்ந்த பலேயாரிக் தீவுகளில் விதிகள் இறுகியிருக்கின்றன என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். 2020 ஜனவரியில் வந்த ஆணை மகலூஃப், பிளாயா தே பால்மா, சான் அன்டோனியோ ஆகிய இடங்களின் குறிப்பிட்ட தெருக்களில் ஹேப்பி ஹவர் (சில மணி நேரம் மட்டும் மலிவு விலை), பப் கிரால் (கூட்டமாகப் பார் பாராகப் போய்க் குடிப்பது), வரம்பில்லாக் குடி போன்ற விளம்பரங்களுக்குத் தடை போட்டது. கடைகளில் இரவு 9:30 முதல் காலை 8 மணி வரை மது விற்கக் கூடாது. "ஒன்றுக்கு இரண்டு" என்று தெருவில் கூவச் சொல்லி ஒருவர் உங்களை வேலைக்கு எடுத்தால், அந்த ஊரில் அது சட்டப்படி சரியா என்று முதலில் கேளுங்கள்.

என்னென்ன வேலை இருக்கிறது

பார் வேலை என்றதும் எல்லோரும் கவுண்டருக்குப் பின்னால் பாட்டிலோடு நிற்பதைத்தான் நினைக்கிறார்கள். அனுபவம் இல்லாதவருக்கு முதலில் கிடைப்பது அநேகமாக அது இல்லை.

பிஆர் என்று சொல்லும் தெரு வேலை மிகச் சுலபமாகக் கிடைக்கும். பார் வாசலில் நின்று போகிறவர் வருகிறவர்களை உள்ளே அழைத்து வர வேண்டும். சம்பளம் பெரும்பாலும் கமிஷன்: உள்ளே வரும் தலைக்கு இவ்வளவு, விற்கும் டிக்கெட்டுக்கு இவ்வளவு. நன்றாகப் பேசுகிறவர்களுக்குக் காசு வரும். ஆனால் மழை பெய்த இரவில், கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமையில் கை காலியாகத் திரும்ப வேண்டியிருக்கும். பல ஊர்களில் இதற்கு நகராட்சியின் அனுமதி வேண்டும், இல்லாமல் நின்றால் அபராதம் விழும். அடிப்படைச் சம்பளம் என்று ஒரு தொகை எழுத்தில் இல்லாத பிஆர் வேலையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கிளாஸ் பொறுக்குவது, மேசை துடைப்பது, ஷாட் தட்டு ஏந்தி விற்பது எல்லாம் அடுத்த ரகம். இவற்றைவிடப் பார்பேக் வேலைக்கு முயற்சி செய்யுங்கள். பார்டெண்டருக்கு ஐஸ், பாட்டில், கழுவிய கிளாஸ், வெட்டிய எலுமிச்சை எதுவும் தீராமல் பார்த்துக்கொள்கிறவர் பார்பேக். உடல் உழைப்பு அதிகம், பெயர் வராது. ஆனால் கவுண்டருக்கு உள்ளே நிற்கிறீர்கள். எந்த பாட்டில் எங்கே இருக்கிறது, எந்த பானம் எப்படிப் போகிறது என்று கண்ணால் பார்த்தே கற்றுக்கொள்வீர்கள். ஆகஸ்டில் ஒரு பார்டெண்டர் வராமல் போனால் மேனேஜர் முதலில் திரும்பிப் பார்ப்பது பார்பேக்கைத்தான். வெளியிலிருந்து ஆள் தேட அவருக்கு அப்போது நேரம் இருக்காது.

வேலைக்கு முன்னால் அறை

இதை வேலை தேடும் படிக்கு முன்னால் வைக்கக் காரணம் இருக்கிறது. கொண்டாட்டத் தீவுகளில் வேலையைவிடப் படுக்கைக்குத்தான் தட்டுப்பாடு. இபிசாவில் இது வெறும் சிரமம் என்ற அளவைத் தாண்டிவிட்டது. வாடகை கட்ட முடியாமல் ஹோட்டல் ஊழியர்களும் கட்டுமானத் தொழிலாளர்களும் கூடாரத்திலும் வேனிலும் வாழ்கிறார்கள். 2024 ஜூலைக் கடைசியில் சாந்தா எவுலாரியா பகுதியில் கான் ரோவா என்ற இடத்தில் அப்படித் தங்கியிருந்த இருநூறு பேர் அளவிலானவர்களைப் போலீஸ் வெளியேற்றியது. அவர்களில் பலர் தினமும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவர்கள். "வேன் ஓட்டிக்கொண்டு போய் அதிலேயே தூங்கலாம்" என்ற பழைய யோசனையும் இப்போது செல்லாது: 2025 கோடை முதல் தீவுக்குள் வரும் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, கேரவன்களுக்கு முகாம் இடத்தில் முன்பதிவு வேண்டும்.

அதனால் தங்கும் இடம் தருகிற வேலையை முதலில் தேடுங்கள், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் சரி. ஹோட்டல்களும் பெரிய குழுமங்களும் ஊழியர் விடுதி வைத்திருக்கும். ஒத்துக்கொள்ளும் முன்னால் கேட்க வேண்டியவை: ஒரு அறையில் எத்தனை பேர், வேலையிலிருந்து எவ்வளவு தூரம், வாடகை எவ்வளவு, வேலையை விட்டால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும். கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். வேலையும் படுக்கையும் ஒரே கையில் இருந்தால், ஒன்று போகிற அன்றே மற்றதும் போகும். பருவகால அனுமதியில் வருபவர்களுக்குச் சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது: முதலாளி தரும் வீட்டின் வாடகை சம்பளத்தோடு ஒப்பிட்டால் மிகையாக இருக்கக் கூடாது, தானாகச் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளவும் கூடாது.

நீங்களே அறை தேடுவதானால், நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். வசந்த காலத்தில் வரும் போலி விளம்பரங்களுக்கு ஒரே சாயல்: அழகான படங்கள், ஊர் விலையைவிடக் குறைந்த வாடகை, வீட்டுக்காரர் "வெளிநாட்டில்" இருப்பார், சாவியைக் கூரியரில் அனுப்புவார், இன்றே டெபாசிட் கட்டாவிட்டால் வேறு ஒருவருக்குப் போய்விடும். முதல் வாரத்துக்கு ஹாஸ்டலில் ஒரு படுக்கை பதிவு செய்துகொண்டு, ஊரில் இறங்கிய பிறகு தேடுவது நல்லது. சின்னத் தீவுகளில் நல்ல அறைகள் விளம்பரத்துக்கே வருவதில்லை. ஒரு பார் ஊழியர் காலி செய்தால் இன்னொருவர் காதில் விழும், அவ்வளவுதான்.

கிளம்பும் முன் செய்துகொள்ள வேண்டியவை

பணம்: முதல் சம்பளம் பெரும்பாலும் மாதக் கடைசியில்தான் வரும். முதல் மாத வாடகை, டெபாசிட், ஆறு வாரச் சாப்பாட்டுச் செலவு, திரும்பி வர டிக்கெட் பணம் என்று எல்லாம் சேர்த்து எடுத்துப் போங்கள். டிக்கெட் பணத்தை வேறு கணக்கில் போட்டு, அதைத் தொடவே தொடாதீர்கள். கையில் காசில்லாதவர் எந்த மோசமான வேலையையும் ஒத்துக்கொள்ள நேர்கிறது. ஏமாற்றுகிறவர்களுக்கு அது தெரியும்.

சிவி: ஒரே பக்கம். மேலே பெயர், வாட்ஸ்அப் எண், பேசும் மொழிகள். அதற்கு அடுத்த வரியிலேயே எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருப்பீர்கள் என்று எழுதுங்கள். படிப்பு, பொழுதுபோக்கு எல்லாம் கீழே இருக்கட்டும். அனுபவம் இல்லையா? கல்யாண மண்டபத்தில் பரிமாறியது, கடையில் கல்லாவில் நின்றது, நிற்க வைத்து வேலை வாங்கும் எதுவானாலும் போடுங்கள். பொய் மட்டும் வேண்டாம். பாட்டிலைப் பிடிக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

கை பழக்கம்: உள்ளூரில் ஏதாவது ஒரு பாரிலோ உணவகத்திலோ சில வாரம் வேலை செய்துவிட்டுப் போக முடிந்தால் அதைவிட நல்ல தயாரிப்பு இல்லை. முடியாவிட்டால் ஒரு பழைய பாட்டிலில் ஊற்றுமூடி பொருத்தித் தண்ணீர் நிரப்பி, அளவுக் கோப்பையில் ஊற்றிப் பழகுங்கள். ஸ்பெயினில் பல பார்களில் அளவுக் கோப்பை இல்லாமல் மனதுக்குள் எண்ணிக்கொண்டே ஊற்றுவார்கள். நூறு காக்டெயில் மனப்பாடம் செய்ய வேண்டாம். மொஹிட்டோ, அபெரோல் ஸ்பிரிட்ஸ், எஸ்பிரெசோ மார்டினி, லாங் ஐலண்ட், செக்ஸ் ஆன் தி பீச், மார்கரிட்டா தெரிந்தால் தெரு பாரில் தாராளம். ஸ்பிரிட்ஸுக்கு மூன்று பங்கு புரொசெக்கோ என்ற நுரைக்கும் வைன், இரண்டு பங்கு அபெரோல், ஒரு பங்கு சோடா என்று ஒரு கணக்கு இருக்கிறது, மறக்காது.

வேலை தேடும் தளங்களில் ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரெஸ் இலவசம், நம்பகமானது. தனியார் ஏஜென்சி "பதிவுக் கட்டணம்", "வேலை உறுதித் தொகை" என்று எதைக் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆம் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. ஸ்பெயின் அதில் கையெழுத்திட்ட நாடு.

ஊரில் இறங்கிய பிறகு

மாலை நான்கு மணி முதல் ஏழு மணிக்குள் பார் பாராக நடந்து போங்கள். அப்போதுதான் திறந்து சுத்தம் செய்துகொண்டு, ஐஸ் நிரப்பிக்கொண்டு இருப்பார்கள். இரவு பதினோரு மணிக்கு சிவியோடு போய் நின்றால் எவ்வளவு நல்ல மேனேஜரானாலும் முகம் கொடுக்க மாட்டார். அதைவிட, இவருக்கு இந்தத் தொழில் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவார்.

முதலில் கண்ணில் படுகிற ஊழியரிடம் சிவியைத் திணிக்காதீர்கள். "ஆள் எடுப்பது யார், எப்போது இருப்பார்?" என்று கேளுங்கள். அவர் இல்லை என்றால் பெயரைத் தெரிந்துகொண்டு, சொன்ன நேரத்துக்கு மறுபடி போங்கள். நேரில் பார்க்கும்போது சுருக்கமாகச் சொல்லுங்கள்: "அக்டோபர் 5 வரை இருக்கிறேன். இங்கிருந்து பத்து நிமிட நடையில் அறை எடுத்திருக்கிறேன். காகிதங்கள் எல்லாம் தயார். இன்றிரவே வேலை செய்ய முடியும்." ஒரு மேனேஜர் கேட்க விரும்புகிற நாலு விஷயமும் இதில் வந்துவிட்டன. "ஆகஸ்டில் நண்பர்கள் வருகிறார்கள், ஒரு வாரம் விடுப்பு வேண்டும்" என்று சேர்த்தீர்களோ, பேச்சு அத்துடன் முடிந்தது. விடுப்பு தேவை என்றால் மறைக்கச் சொல்லவில்லை. உச்ச சீசனில் வைக்காதீர்கள் என்கிறேன்.

பதில் வராவிட்டால் மூன்று நாள் கழித்து மறுபடி போங்கள். நச்சரிப்பு என்று நினைக்க வேண்டாம். அந்த மூன்று நாளில் ஒருவர் வேலையை விட்டிருக்கலாம்.

சோதனை ஷிப்ட், காண்ட்ராக்ட்

பெரும்பாலான இடங்களில் ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கச் சொல்லிப் பார்ப்பார்கள். வேகத்தைவிட, சும்மா நிற்கிறீர்களா என்றுதான் கவனிப்பார்கள். வாடிக்கையாளர் இல்லாத நிமிடத்தில் துணியை எடுத்துக் கவுண்டரைத் துடைப்பவர் பாதித் தேர்வில் தேறிவிட்டார். ஆனால் "ஒரு வாரம் சும்மா வேலை செய், பிறகு பார்க்கலாம்" என்பது சோதனை இல்லை, உழைப்பைத் திருடுவது. ஸ்பெயினில் சோதனைக் காலம் என்பது காண்ட்ராக்டில் எழுதப்பட்ட, முழுச் சம்பளம் உள்ள காலம்.

ஸ்பெயினில் வேலை செய்ய என்ஐஇ என்ற வெளிநாட்டவர் எண்ணும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் வேண்டும். கோடையில் தீவில் இதற்கு அப்பாயின்ட்மெண்ட் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால், முடிந்தால் என்ஐஇ-யை ஸ்பானியத் தூதரகம் வழியாக முன்பே வாங்கிவிடுங்கள். கிரீஸில் இவற்றுக்கு இணையானவை ஏஎஃப்எம் என்ற வரி எண்ணும் அம்கா என்ற சமூகப் பாதுகாப்பு எண்ணும்.

வேலையில் கால் வைக்கும் முன்பே முதலாளி உங்களை சமூகப் பாதுகாப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். ஸ்பெயினில் இதை "ஆல்தா" என்பார்கள். "ஆல்தா போட்டாச்சா?" என்று கேட்பது அங்கே சாதாரணம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாய்ச்சொல்லை நம்பி இருக்கவும் வேண்டாம். சமூகப் பாதுகாப்புத் துறையின் இம்போர்தாஸ் தளத்தில் நீங்களே பார்க்கலாம். அங்கே எத்தனை மணி நேர வேலை என்று பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். வாரம் 40 மணி நேரம் வேலை வாங்கிக்கொண்டு 20 மணி நேரம் என்று பதிவு செய்து, மீதியை உறையில் ரொக்கமாகத் தருவது பழைய தந்திரம். காசு கையில் வருகிறதே என்று விட்டுவிடாதீர்கள். அடிபட்டாலும் வேலை போனாலும் கிடைப்பது அந்த 20 மணி நேரக் கணக்கில்தான்.

ஸ்பெயினின் சட்டப்படி வாரத்துக்குச் சராசரியாக 40 மணி நேரம், இரண்டு ஷிப்ட்டுக்கு நடுவே 12 மணி நேர இடைவெளி, வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வு. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,184 யூரோவாக இருந்தது, ஆண்டுக்கு 14 தவணை (12 மாதச் சம்பளம், இரண்டு கூடுதல் தவணை). பலேயாரிக் தீவுகளின் ஹோட்டல், பார் தொழிலுக்குத் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் செய்துகொண்ட தனிக் கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது, அதில் இதைவிட அதிகம். டிப்ஸ் எப்படிப் பங்கிடப்படுகிறது என்றும் சேரும்போதே கேட்டுவிடுங்கள்: தனித்தனியா, பொதுப் பெட்டியா, பார்பேக்குக்குப் பங்கு உண்டா. "சீசன் முடிவில் போனஸ்" என்று சொல்லி மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கிற இடத்தில் சேர வேண்டாம். கடைசிவரை நிற்கிற ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் அதைச் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் உழைத்த சம்பளம் வேறு, போனஸ் வேறு.

கவுண்டருக்குப் பின்னால்

முதல் இரவில் ஐந்து பானம் ஒன்றாகக் கேட்பார்கள், கை நடுங்கும். ஒழுங்கு ஒன்று இருக்கிறது. முதலில் ஐந்து கிளாஸையும் வரிசையாக வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஐஸ். அப்புறம் மது, அதற்குப் பிறகு சோடா, ஜூஸ் வகைகள். பீர் கடைசியில், நுரை அடங்காமல் இருக்க. ஒவ்வொன்றாக முடித்து முடித்து வைப்பவர் இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்வார்.

ஐஸ் தொட்டியில் ஒருபோதும் கிளாஸை விட்டு அள்ளாதீர்கள், கரண்டிதான். ஐஸுக்குப் பக்கத்தில் கிளாஸ் உடைந்தால், ஒரு துண்டு கூட உள்ளே விழவில்லை என்று தோன்றினாலும் மொத்த ஐஸும் போக வேண்டும். உடனே சிவப்பு கிரெனடின் சிரப்பை ஐஸ் மேல் ஊற்றுங்கள். பார்த்தவுடன் யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள். பிறகு வெந்நீர் விட்டுக் கரைத்து, தொட்டியைத் துடைத்து, புது ஐஸ் நிரப்ப வேண்டும். வரிசையில் ஐம்பது பேர் கத்திக்கொண்டிருந்தாலும் இதில் சுருக்குவழி கிடையாது. பீர் பீப்பாய் வைத்திருக்கும் கீழறையில் வாயு கசிகிற சந்தேகம் வந்தாலும் அப்படித்தான்: உள்ளே போகாமல் மேனேஜரைக் கூப்பிடுங்கள். கார்பன் டை ஆக்சைடு மணக்காது, நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும்.

நிற்க முடியாத அளவுக்குக் குடித்தவருக்கு இன்னொன்று ஊற்றாதீர்கள். ஒரு கிளாஸ் தண்ணீர் வையுங்கள், அவருடைய நண்பரைக் கூப்பிடுங்கள், வாசல் காவலருக்குக் கண் காட்டுங்கள். யாராவது விழுந்துவிட்டால் மல்லாக்கப் படுக்க விடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐரோப்பா முழுக்க அவசர எண் 112. பிரிட்டிஷ் கூட்டம் வரும் பாரில் ஒரு பெண் வந்து "ஆஞ்சலா இருக்கிறாரா?" என்று கேட்டால், கூட வந்தவரிடமிருந்து விலக உதவி கேட்கிறார் என்று அர்த்தம். 2016-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் தொடங்கிய ஏற்பாடு அது. கேள்வி கேட்காமல் உள்ளே அழைத்துப் போங்கள். யார் என்ன பொட்டலம் கொடுத்து "கொஞ்சம் வைத்திரு" என்றாலும் வாங்காதீர்கள்.

உடம்பு

கடைசிவரை நிற்பது என்பது உண்மையில் கால், காது, தூக்கம் மூன்றையும் காப்பாற்றுவதுதான். மூடிய, வழுக்காத காலணி இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வேலை என்றால் காதடைப்பான் கேளுங்கள். ஒலி 80 டெசிபலைத் தாண்டினால் முதலாளி தர வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003/10 சட்டம். கிளப் ஒலி அதைச் சுலபமாகத் தாண்டும். ஷிப்ட் முடிந்ததும் ஊழியர்கள் சேர்ந்து குடிக்கிற வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அழைத்தால் போங்கள், சிநேகம் முக்கியம். ஆனால் தினமும் விடியும்வரை உட்கார்ந்தால் ஜூலையைத் தாண்டுவது கஷ்டம். சாதாரணப் பயணக் காப்பீட்டில் வேலை செய்யும்போது படும் அடியும், ஸ்கூட்டர், குவாட் பைக் விபத்தும் பெரும்பாலும் சேராது. பாலிசியை வாசித்துப் பார்த்து வாங்குங்கள். தீவுச் சாலைகளில் ஹெல்மெட் இல்லாமல் இரவு ஷிப்ட் முடித்து வண்டி ஓட்டாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சீசன் முடியும்போது

ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டையும் ஷிப்ட் அட்டவணையையும் போனில் படமெடுத்து வையுங்கள். கடைசி நாளில் ஸ்பெயினில் "ஃபினிகித்தோ" என்ற கணக்குத் தீர்ப்புத் தாளை நீட்டுவார்கள்: மீதிச் சம்பளம், எடுக்காத விடுப்புக்குப் பணம், கூடுதல் தவணைகளில் உங்கள் பங்கு எல்லாம் அதில் இருக்க வேண்டும். தொகை சரியில்லை என்றால் கையெழுத்துக்குப் பக்கத்தில் "நோ கன்ஃபோர்மே", அதாவது ஒப்பவில்லை, என்று எழுதித் தேதி போடுங்கள். சம்பளப் பாக்கியைக் கேட்க ஒரு வருஷம் வரை நேரம் இருக்கிறது. வேலையை விட்டு நீக்கியதை எதிர்க்க 20 வேலை நாள்தான், தாமதிக்காதீர்கள். தொழிற்சங்க அலுவலகங்களில் ஆலோசனை கேட்கலாம்.

2022 முதல் ஸ்பெயினில் சீசன் வேலைக்குப் பெரும்பாலும் "ஃபிஹோ திஸ்கொந்தினுவோ" என்ற வகை காண்ட்ராக்ட்தான் போட வேண்டும். சீசன் முடிந்தால் வேலை முடிவதில்லை, இடைவெளி விடப்படுகிறது. அடுத்த வருஷம் திறக்கும்போது முதலாளி உங்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். ஆகவே மேனேஜரின் எண்ணை வாங்கி வையுங்கள், உங்கள் சரியான மின்னஞ்சலைக் கொடுத்து வையுங்கள், ஒரு பரிந்துரைக் கடிதமும் கேளுங்கள். அறையைக் காலி செய்யும்போது வீட்டுக்காரரோடு நின்று படமெடுத்து, சாவியைக் கொடுக்கும் அதே நேரத்தில் டெபாசிட்டை வாங்கிக்கொள்ளுங்கள். விமானம் ஏறிய பிறகு அனுப்புகிறேன் என்றால் சாவியைக் கொடுக்காதீர்கள்.